கை தட்ட முதல் கொஞ்சம் பொறும்

தம்பி, கிளிநொச்சியில் இருந்து மூன்று விசயம் கேட்டிருக்கிறீர். கனடாவில், ஸ்காபரோவில் அறை வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன கொண்டுவர வேண்டும், அப்புறம் "பாதுகாப்புக்காக முஸ்லிம்களை உள்ளே விடக்கூடாது என்கிறார்களே, அப்படி நடந்தால் எங்கள் ஆட்களுக்கு இடம் கூடும்தானே?" வாடகையை வந்து பாரும். மூன்றாவதுக்குத்தான் என் வாய் சும்மா இருக்காது.

நான் 2000ஆம் ஆண்டு தை மாதம், காலில் செருப்போடு வந்து இறங்கினேன். ஓர் அறையில் நாலு மணித்தியாலம் இருத்தி வைத்துக் கேட்டார்கள். புலிகள் வைத்திருந்த வன்னியில் இருந்து எப்படி வெளியே வந்தாய்? பாஸ் யார் தந்தது? பங்கர் வெட்டினாயா? பங்கர் வெட்டாத ஆள் வன்னியில் யார்? வெட்டினேன் என்றேன். மொழிபெயர்த்தவர் அதை என்னவென்று சொன்னாரோ, என் கோப்பு ஆறு வருசம் அசையவில்லை. அதற்குள் பனி வழிக்கப் பழகி, ட்ரக் ஓடப் பழகி, கடன் முழுக்க அடைத்துவிட்டேன்.

2017இல் டிரம்ப் ஈரான், சிரியா, யேமன் என்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள 7 நாடுகளுக்குத் தடை போட்டபோது, எங்கள் ஆட்கள் சிலர் கோப்பிக் கடையில் இருந்து கை தட்டியதைக் கண்ணால் கண்டேன். திருத்தி எழுதிய தடையை 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ஏற்றது. பைடன் 2021இல் பதவியேற்ற அன்றே நீக்கினார். டிரம்ப் திரும்ப வந்து 2025 யூனில் 12 நாடுகளுக்குப் போட்டார். அதில் ஹெயிட்டியும் மியன்மாரும் இருக்கின்றன. அங்கே எத்தனை முஸ்லிம்கள்?

கை தட்டியவர்களுக்கு 2010 மறந்துபோனது. சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தபோது, கரை தட்ட முதலே கனேடிய அமைச்சர் அதில் பயங்கரவாதிகள் இருக்கலாம் என்றார். தாய்மாரும் பிள்ளைகளும் கூடத் தடுப்பில் இருந்தார்கள். அப்போது நாங்கள்தான் அந்த "முஸ்லிம்கள்".

ஆளை ஆளாக விசாரிக்கட்டும், கைரேகை எடுக்கட்டும். இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு அதை யார் வேண்டாம் என்பார்? பெயரையும் ஊரையும் பார்த்துக் கதவைச் சாத்துவது வேறு கதை.

அதை நாங்களும் செய்தோம் என்றால் இங்கே என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் இயக்கம் வெளியேற்றியது. அதற்கும் பாதுகாப்புத்தான் காரணமாம். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது 2 மணித்தியாலம். எங்கள் முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றும் நீராவிப்பிட்டியும் வெறிச்சோடின. எனக்கு 14 வயது. சைக்கிள் கடை முஸ்லிம் நானாவிடம் என் பின்சில்லு கழற்றியபடி கிடந்தது. அந்த அவதியிலும் அதைப் பூட்டித் தந்தார். காசு நீட்ட, "வந்து வாங்கிறன்" என்றார். புத்தளத்தில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். 2012இல் ஊருக்குப் போனபோது கடை இருந்த இடத்தில் ஆமணக்குப் பற்றை.

குளிர் ஜாக்கெட்டை அங்கே வாங்கிச் சுமக்காதேயும். கொழும்பில் விற்பது இங்கே ஒக்டோபருக்கே காணாது.