‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? – புரோகிராமர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதி, இணையத்தில் கண்ட சுட்டிகளைப் பற்றியவை. மீதி, அந்தச் சுட்டிகளில் சொன்னபடி செய்து பார்த்து மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள்.

கே: ஆறு வருடமாகச் சேர்த்த நானூறு சுட்டிகளில் பாதி திறக்கவில்லை. மீட்க வழி உண்டா? (வாசகர், மதுரை)

முதலில் உண்மையிலேயே செத்தவை எவை என்று பிரித்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் எழுதிச் சோதிப்பவர்கள் இங்கே தவறுவது வழக்கம். வேகமாக இருக்கட்டும் என்று, பக்கத்தைக் கேட்காமல் அதன் தலைப்புத் தகவலை மட்டும் கேட்கும் ‘ஹெட்’ கோரிக்கை அனுப்புவார்கள். சில சர்வர்கள் அதை ஏற்காமல் 405 என்ற பிழை எண்ணைத் திருப்பும். சுட்டி நன்றாகத்தான் இருக்கும், பட்டியலில் செத்ததாகப் பதிவாகும். முழுப் பக்கத்தையும் கேட்கும் ‘கெட்’ கோரிக்கையே அனுப்புங்கள். 403, 429 வந்தால் தளம் உங்கள் ஸ்கிரிப்டைத் தடுக்கிறது என்றுதான் பொருள்; அவற்றைத் தனியே வைத்து உலாவியில் கையால் திறந்து பாருங்கள். இதற்கு நேர்மாறான வம்பும் உண்டு. பக்கத்தை நீக்கிய பிறகு எல்லாரையும் முகப்புக்குத் திருப்பிவிடும் தளங்கள் 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்றே பதில் சொல்லும். எனவே கடைசியாகப் போய்ச் சேர்ந்த முகவரி, நீங்கள் கேட்ட முகவரிதானா என்பதையும் ஒப்பிடுங்கள்.

செத்தவற்றுக்கு, பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின்தான் முதல் கதவு. இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996இல் தொடங்கிய சேமிப்பு, 2001இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அதன் முகவரி அமைப்பைத் தெரிந்துகொண்டால் தேடல் பெட்டியே தேவையில்லை: ஆர்க்கைவ் முகவரி, பிறகு தேதி, பிறகு பழைய முகவரி. தேதி 14 இலக்கம், வருடத்தில் தொடங்கி நொடிவரை. முழுதும் தர வேண்டியதில்லை; 2019 என்று மட்டும் போட்டாலும் அதை ஒட்டிய பிரதிக்குக் கொண்டுபோகும். தேதிக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாப் பிரதிகளும் நாட்காட்டியாக வரும். சுட்டியைச் சேமித்த நாள் உங்கள் உலாவியின் புக்மார்க் ஏற்றுமதிக் கோப்பில் இருக்கும். அந்த நாளை ஒட்டிய பிரதியை எடுங்கள். கடைசிப் பிரதி பெரும்பாலும் ‘இந்த டொமைன் விற்பனைக்கு’ என்றுதான் இருக்கும்.

இனிமேல் சேர்ப்பவற்றுக்கு மூன்று பழக்கம் போதும். நல்ல பக்கம் கண்டதும் வேபேக் மெஷினில் ‘சேவ் பேஜ் நவ்’ கொடுங்கள். சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்சியால் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக உங்களிடமும் ஒரு பிரதி வையுங்கள். பிடிஎஃப் ஆக்கி வைக்காதீர்கள். ஆங்கிலத்துக்குப் பழுதில்லை, தமிழ்ப் பக்கத்தில் பிறகு தேடினாலும் நகலெடுத்தாலும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறும். குறுஞ்சுட்டிகளை விரித்து, முழு முகவரியாகச் சேமியுங்கள். கூகுளே 2019இல் தன் குறுஞ்சுட்டிச் சேவையில் புதிய சுட்டி தருவதை நிறுத்திவிட்டது.

கே: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் பைத்தானில் 5 வருகிறது, கோ மொழியில் 15, ஸ்விஃப்டில் 3. ஒரு தளத்தில் இதைப் பார்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான். எது சரி? (வாசகர், கோயம்புத்தூர்)

மூன்றும் சரி. ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை எண்ணுகிறது.

எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் தரமான யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. எழுத்துக்கென்று உள்ளவை உயிர், ஆய்தம், அகரமேறிய மெய், அவற்றின்மேல் ஒட்டும் குறிகள், புள்ளி, இவ்வளவுதான். ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. பைத்தான் அதை எண்ணுகிறது. யூனிகோடு எண்களைப் பைட்டாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். கோ மொழியின் ‘லென்’ பைட்டை எண்ணுவதால் 15. ஸ்விஃப்ட், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது: த, மி, ழ். ஜாவாஸ்கிரிப்டின் ‘லெங்த்’ இந்தச் சொல்லுக்கு 5 தரும்.

எதை எப்போது எடுப்பது? திரையில் ‘இன்னும் 20 எழுத்து எழுதலாம்’ என்று காட்ட, ஸ்விஃப்ட் தரும் எண். கோப்பின் அளவு, நெட்வொர்க் வரம்பு இவற்றுக்குப் பைட். எஸ்எம்எஸ் அனுப்பும் நிரல் எழுதுகிறீர்கள் என்றால் குறியீட்டு எண்ணிக்கை: ஆங்கிலத்தில் 160 வரை கொள்ளும் ஒரு செய்தி, தமிழ் ஒரு எழுத்து நுழைந்தாலே 70 ஆகிவிடும், நீண்ட செய்தியாகப் பிரித்தால் துண்டுக்கு 67. ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்தெழுத்து, கட்டணத்துக்கு ஏழு.

பைத்தானில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ண, உள்ளேயே வரும், உரையில் வடிவங்களைத் தேடும் ‘ரீ’ தொகுதி உதவாது. ‘ரெஜெக்ஸ்’ என்ற தனித் தொகுதியை நிறுவி, பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறியைப் பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்ட்ல்’ பொருளின் ‘செக்மென்டர்’. ‘க்ஷ’ மட்டும் இரண்டாகவே எண்ணப்படும், க் ஒன்று, ஷ ஒன்று. தமிழ் மெய்ம்மயக்கத்தை யூனிகோடின் எழுத்துப் பிரிப்பு விதி ஒன்றாகக் கட்டுவதில்லை. இலக்கணக்காரருக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. பைத்தானின் ‘ரீ’ தொகுதியில் சொல்லைப் பிரிக்க எல்லாரும் போடுவது பின்சாய்கோடு-டபிள்யூ. அது உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக ஏற்காது. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு சொல் திரும்பி வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. தமிழ்ச் சொல் பட்டியல், சொல் எண்ணிக்கை என்று இணையத்தில் கிடைக்கும் சில கோப்புகளில் புள்ளியே இல்லாத சொற்கள் வரிசை கட்டி நிற்பது இதனால்தான். மேற்சொன்ன ‘ரெஜெக்ஸ்’ தொகுதியில் இந்தக் குறை இல்லை.

இரண்டு சொற்களை ஒப்பிடும் முன் அவற்றை என்எஃப்சி என்ற யூனிகோடின் சீர்வடிவுக்கு மாற்றுங்கள். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, சமமா என்று கேட்டால் இல்லை என்னும். என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கும். ஆனால் ‘ஔவை’யை ஒ, ள, வை என்று தட்டியவரை என்எஃப்சி காப்பாற்றாது, அது ளகரம் என்றே நம்பும். அகரவரிசைக்கும் குறியீட்டு எண்ணை நம்பக் கூடாது. அந்த எண்படி ரகரத்தை அடுத்து றகரம் வரும், ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய் நிற்கும். யூனிகோடு விதிகளை நிரலாகத் தரும் ஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்துங்கள்.

கே: பழைய தரவுக் கோப்பில் தமிழ் முழுக்க, தலையில் சாய்கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக இருக்கிறது. ஒரு தளத்தில் ‘ஒரே வரியில் சரிசெய்யலாம்’ என்றிருந்தது. பைத்தான் பிழை காட்டுகிறது. (வாசகர், சிங்கப்பூர்)

அந்த இரண்டு வடிவமும் அடுத்தடுத்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: யூடிஎஃப்-8 தமிழை யாரோ விண்டோஸ்-1252, அதாவது மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியீட்டு முறை என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள். தமிழ்க் குறியீடு எல்லாமே 224, 174 அல்லது 224, 175 என்ற பைட்டில்தான் தொடங்கும். 224தான் அந்த ஏ, 174தான் அந்த வட்ட ஆர்.

நீங்கள் பார்த்த ஒரு வரி வைத்தியம், அந்த உருவங்களை 1252 பைட்டாக மாற்றி யூடிஎஃப்-8ஆகத் திரும்பப் படிப்பது. பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் பெரும்பாலும் பலிக்கும். தமிழுக்கு ஏன் பலிக்கவில்லை என்றால், 1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறியுடையது 129. ஏ என்ற உயிரெழுத்துக்கு 143, ஐ என்ற உயிரெழுத்துக்கு 144. புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வாக்கியம் எழுதிப் பாருங்கள், எவ்வளவு அரிது என்று தெரியும். பைத்தான் கண்டிப்பானது, காலி இடத்துக்கு உரிய உருவம் வந்ததும் நின்றுவிடும்.

‘எஃப்டிஎஃப்ஒய்’ என்ற பைத்தான் தொகுதி அந்தக் காலி இடங்களையும் ஏற்கும்படி எழுதப்பட்டது. முதலில் அதை ஓட்டுங்கள். அது தோற்றால், நடுவில் யாரோ நகலெடுத்து ஒட்டியபோது கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்றாவது உருவம் உதிர்ந்திருக்கும். 224, 175 மட்டும் மிஞ்சி நின்றால் அது புள்ளியா உகரமா என்று எந்த நிரலும் தானாகச் சொல்ல முடியாது. சொற்பட்டியலோடு ஒப்பிட்டு ஊகிக்கலாம். ‘பால்’, ‘பாலு’ போன்ற இடத்தில் அதுவும் கைவிடும். மூலக் கோப்பைத் தேடுவதுதான் வழி.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது பழைய எழுத்துருத் தமிழ். ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருந்தால் அது பாமினி என்ற எழுத்துரு. அங்கே பைட் எதுவும் கெடவில்லை, எழுத்துரு மட்டும் இல்லை. ‘ஓப்பன்-தமிழ்’ தொகுதியில் பாமினி, டிஸ்கி போன்ற பழைய முறைகளை யூனிகோடுக்கு மாற்றும் செயல்கள் உண்டு. பக்கத்தில் நடுநடுவே உண்மையான ஆங்கிலம் இருந்தால் அதையும் தமிழாக்கிவிடும். எழுத்துருக் குறி உள்ள பகுதிகளை மட்டும் பிரித்துக் கொடுங்கள்.

கே: படிக்கச் சுவையான நிரல் மூலம் ஏதாவது? (வாசகர், திருச்சி)

இணையத்தின் பொது எண்களைப் பராமரிக்கும் ஐஏஎன்ஏ அமைப்பு வெளியிடும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் ஆசியா கோப்பு. தரவைவிடக் குறிப்புரைகள் சுவை. கொல்கத்தா என்று பெயரிட்ட பதிவுக்குள் சென்னை நேரம் ஒளிந்திருக்கிறது: 1906 வரை 5 மணி 21 நிமிடம் 10 நொடி.

கே: ஜாதகம் கணிக்கும் செயலி எழுதுகிறேன். இலங்கையில் பிறந்த சிலருக்கு மட்டும் லக்கினம் மாறுவதாகப் புகார். (வாசகர், டொராண்டோ)

பிறந்த வருடம் 1996க்கும் 2006க்கும் இடைப்பட்டதா என்று பாருங்கள். இலங்கை 1996 மே 25 அன்று கடிகாரத்தை 5:30இலிருந்து 6:30க்கு முன்தள்ளியது. அதே வருடம் அக்டோபர் 26 அன்று 6:00 ஆக்கியது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மறுபடி 5:30. உங்கள் செயலி ‘இலங்கை என்றால் 5:30’ என்று நிலையாக வைத்திருந்தால் அந்தப் பத்து வருடக் குழந்தைகளுக்கு அரை மணி, முதல் ஐந்து மாதக்காரர்களுக்கு ஒரு மணி தவறும். லக்கினம் சராசரியாக நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். அரை மணிக்கு ஏழரைப் பாகை. ராசி 30 பாகை என்பதால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு லக்கினமே மாறிவிடும். புகார் ‘சிலருக்கு மட்டும்’ வருவதன் காரணம் இதுதான்.

நிலையான எண்ணை எடுத்துவிட்டு ‘ஏஷியா/கொழும்பு’ என்ற மண்டலப் பெயரைக் கொடுங்கள். நாளுக்கேற்ற வேறுபாட்டை நூலகமே எடுத்துக்கொள்ளும். அதோடு வேலை முடியவில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே கடிகாரம் 5:30இலேயே ஓடியது. ஊரை வைத்தும் முடிவுகட்ட முடியாது, கிளிநொச்சி போன்ற ஊர்கள் அந்தக் காலத்தில் கைமாறின. எனவே அந்த இடைக்காலத்து வடகிழக்குப் பிறப்புகளுக்கு ‘எந்த நேரப்படி எழுதியது, பழைய நேரமா புது நேரமா’ என்று செயலியிலேயே ஒரு கேள்வி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எழுதித் தந்த நேரத்தை அப்படியே ஒரு களத்திலும், கணித்த யூடிசி (உலகப் பொது) நேரத்தை இன்னொரு களத்திலும் சேமித்தால், பிறகு திருத்த வசதி.

கே: 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதைக் காட்டும் தளத்தைப் பார்த்தேன். என் ஜிஎஸ்டி பில்லில் ஒரு பைசா இடிப்பதும் இதனால்தானா? (வாசகர், திருப்பூர்)

அந்தத் தளம் நன்று. எந்த மொழி என்ன விடை தருகிறது என்று அடுக்கியிருக்கிறது, அந்த விடையையே முகவரியாகவும் வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் பைசா அநேகமாக வேறு இடத்தில் தொலைகிறது. ரூ. 99.95க்கு 18 சதவீதம் 17.991, அதாவது 17.99. அதையே மத்திய வரி 9, மாநில வரி 9 என்று தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் 8.9955; முழுமையாக்கினால் 9.00. இரண்டும் சேர்ந்து 18.00. காகிதத்தில் போட்டாலும் இதே கதிதான், கணினியைக் குற்றம் சொல்ல முடியாது. இரு வரிகளையும் தனித்தனியே முழுமையாக்கி, மொத்தத்தை அவற்றின் கூட்டலாக மட்டும் எடுங்கள். மொத்தத்தை வேறு வழியில் மறுபடி கணிக்காதீர்கள்.

தசம எண்ணை இரும வடிவில் தோராயமாக வைக்கும் மிதவைப் புள்ளியையும் விட்டுவிடுங்கள். தொகைகளைப் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், அல்லது ‘டெசிமல்’ வகை. பைத்தானில் 2.675ஐ இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 2.67 வரும், 2.68 அல்ல. உள்ளே இருக்கும் இரும எண் 2.675க்கு ஒரு மயிரிழை குறைவு. 2.5ஐ முழு எண்ணாக்கினால் 2 வருவது வேறு காரணம்: சரிபாதி வந்தால் இரட்டை எண் பக்கம் சாய்வது பைத்தானின் விதி. ‘டெசிமல்’ வகையும் இயல்பில் அப்படியே சாயும். ‘ரவுண்ட் ஹாஃப் அப்’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கே: தளத்திலிருந்து நகலெடுத்த டெர்மினல் கட்டளை வேலை செய்யவில்லை. எழுத்துக்கு எழுத்து சரியாகவே இருக்கிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

மேற்கோள்குறிகளைப் பாருங்கள், வளைந்திருக்கும். பதிவு மென்பொருள்கள் நேர்க்குறியை வளைத்துவிடும். இரட்டைச் சிறுகோட்டை ஒரே நீளக் கோடாக்கிவிடும். முதலில் எடிட்டரில் ஒட்டித் திருத்துங்கள். கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் ஒளித்துவைத்த கட்டளை ஏதும் கூடவே வந்திருந்தால் அதுவும் அங்கே அகப்படும். கட்டளையின் ஒவ்வொரு துண்டும் என்ன செய்யும் என்று அறிய ‘எக்ஸ்பிளைன்ஷெல்’ தளம்; ஸ்கிரிப்ட் முழுதாக இருந்தால் பிழை காட்டும் ‘ஷெல்செக்’.

கே: கிட்ஹப்பில் ஒரு நிரல்வரிக்குச் சுட்டி அனுப்பினேன். நண்பருக்கு வேறு வரி தெரிகிறது. (வாசகர், சேலம்)

நீங்கள் அனுப்பியது கிளையின் (பிராஞ்ச்) சுட்டி; புதிய மாற்றம் சேரும்போதெல்லாம் கிளை நகரும். கிளை நகர்ந்ததும் வரி எண் வேறு வரியைக் காட்டும். கோப்பைத் திறந்து ஒய் விசையை அழுத்துங்கள். முகவரியில் கிளைப் பெயர் இருந்த இடத்தில் 40 இலக்கக் கமிட் எண், அதாவது மாறாத ஒரு பதிப்பின் அடையாளம் வரும். பிறகு வரி எண்ணைச் சொடுக்கி, அந்த முகவரியை அனுப்புங்கள்.