முழுக்கைச் சட்டை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 24. வேலைக்குப் போகிறேன். எட்டு மாதமாகச் சனி, ஞாயிறுகளில் ஒரு விலங்குகள் காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். கூண்டு கழுவுவது, சாப்பாடு வைப்பது, நாய்களை நடக்கக் கூட்டிப்போவது என்று எல்லா வேலையும் செய்வேன். வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. 'இங்கே ஒரு தட்டைக் கழுவ வளையாத உடம்பு அங்கே போய்க் கூண்டு கழுவுது' என்று அம்மா குத்திக் காட்டுகிறார். வாசலிலேயே நிறுத்தி, 'கையைக் காட்டு, காலைக் காட்டு' என்று சின்னப் பிள்ளையைப் போலச் சோதனை போடுகிறார். அவமானமாக இருக்கிறது. போன மாதம் சுண்டு என்ற இரண்டு மாதக் குட்டி விளையாட்டாக என் கையில் பல்லைப் பதித்துவிட்டது (ஒரு சொட்டு ரத்தம்தான், சானிடைசர் தடவிக்கொண்டேன். வீட்டில் தெரிந்தால் ரகளை என்று ஒரு வாரம் முழுக்கைச் சட்டை போட்டுச் சமாளித்தேன். அவனை யாரும் தத்தெடுக்காமல் போய்விடுவார்களோ என்று காப்பகத்திலும் சொல்லவில்லை). நாலாம் நாளே இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் அவனைத் தத்தெடுத்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தைக்கூட வீட்டில் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. என் சேவையின் அருமையை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: என் மகளைவிடச் சின்னவள் நீ. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

'வீட்டில் என்னைப் புரிந்துகொள்ளவில்லை' என்று வரும் கடிதங்களுக்கு மட்டும் என் மேசைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. பாட்டு, மலையேற்றம், ரத்த தானம், நாய், பூனை. விஷயம்தான் மாறும், கடைசி வரி மாறாது. உன் அருமையைப் புரியவைக்க என்னிடம் வழி எதுவும் இல்லை. இருந்தாலும் இப்போது தரமாட்டேன். நான் நாலு தடவை திரும்பத் திரும்பப் படித்தது நீ அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்திருக்கும் அந்த மூன்று வாக்கியங்களைத்தான்.

இந்தப் பதிலை அச்சுக்குக் கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. கடிதம் கைக்கு வந்த அன்றே, 'இன்றைக்கே மருத்துவரிடம் போ' என்று உனக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'சரிங்க மேடம், போறேன்' என்று பதில் வந்தது. போனாயா? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முழுக்கைச் சட்டை போட்டுச் சமாளிக்கத் தெரிந்தவள் 'சரிங்க மேடம்' போட்டும் சமாளிப்பாய். அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

'ஒரு சொட்டு ரத்தம்தான்' என்கிறாய். நாய்க்கடியை உலக சுகாதார நிறுவனம் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. நாயைத் தொட்டது, காயமில்லாத தோலில் அது நக்கியது எல்லாம் முதல் வகை. ரத்தம் வராத சின்னக் கீறல் இரண்டாவது. அதற்கே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போட வேண்டும். பல் தோலைத் துளைத்துவிட்டால் அது மூன்றாவது. அதற்குத் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும் சேர்த்துக் கொடுப்பார்கள். சொட்டை எண்ணி யாரும் வகை பிரிப்பதில்லை. இரண்டு மாதக் குட்டியின் வாயில் 28 பால்பற்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. வெளியே பொட்டு அளவுதான் தெரியும், உள்ளே எவ்வளவு தூரம் இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? சானிடைசர் மேல்தோலோடு நின்றுவிடும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கழுவிப் பார், அது எவ்வளவு நீண்ட நேரம் என்று புரியும்.

'குட்டிதானே' என்று நினைத்திருப்பாய். குட்டிக்கும் ரேபிஸ் வரும். குட்டிகளுக்கு அந்த ஊசியைப் பொதுவாக மூன்று மாதம் ஆன பிறகுதான் போடுவார்கள். சுண்டுவுக்கு அந்த வயதே ஆகவில்லை. ஒரு மாதம் ஓடிவிட்டது, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றால், அது எதற்கும் சாட்சி இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அந்த நோய் தலைகாட்டும், ஒரு வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு. தலைகாட்டிவிட்டால் அதற்கப்புறம் கிட்டத்தட்ட யாருமே பிழைப்பதில்லை. தலைகாட்டாதவரை, எத்தனை நாள் தாமதமாகப் போனாலும் ஊசி போட்டுக்கொள்ளலாம். சுண்டு அநேகமாக ஆரோக்கியமான குட்டியாகத்தான் இருப்பான். நானும் அப்படித்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. கடித்த நாயை 10 நாள் கண்காணித்து, அது நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். நீ வாயை மூடிக்கொண்டதால் நாலாம் நாளே குட்டி கைமாறிப் போய்விட்டது.

சரி, சட்டைக்கு வருகிறேன்.

என் மகனுக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நாள் இரவு முழுக்காற்சட்டையைக் கழற்றாமலே படுத்தான். நல்ல புழுக்கம். வழக்கமாகச் சட்டையைக்கூடத் தூக்கி எறிந்துவிட்டுப் படுக்கிற பிள்ளை. தூங்கின பிறகு காலை மடித்துவிட்டுப் பார்த்தால், கெண்டைக்காலில் மூன்று கோடு, நடுக்கோட்டில் ரத்தம் உறைந்திருந்தது. துணியோடு ஒட்டிக்கொண்டிருந்ததை ஈரப்படுத்தித்தான் எடுத்தேன். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு முடித்த பிறகு, 'ஏன்டா சொல்லல?' என்று கேட்டேன். 'சொன்னா அந்த நாயைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவாங்கம்மா' என்றான். அவனுக்குப் பத்து வயது. அதே நியாயத்தை 24 வயதில் நீ சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதை எதற்குச் சொல்கிறேன்? ஒரு வாரம் முழுக்கைச் சட்டையோடு வீட்டுக்குள் நடமாடிய மகளை உன் அம்மா கவனிக்கவில்லை என்றா நினைக்கிறாய்? எந்தத் தாயும் கவனிப்பாள். வாசலில் நிறுத்திக் 'கையைக் காட்டு' என்கிறாரே, அது சோதனை, அவமானம் என்று எழுதியிருக்கிறாய். எட்டு மாதமாக நீ எங்கே போகிறாய், எந்தக் கூண்டுக்குள் கையை விடுகிறாய் என்று ஒன்றும் தெரியாமல் வாரம் இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, பல் தடம் தெரிகிறதா என்று பார்க்கிறாள். உன் காப்பகம் செய்யத் தவறிய வேலையை அவர் வாசலில் நின்று செய்துகொண்டிருக்கிறார். அவரை ஏமாற்றிவிட்டு, 'பகிர்ந்துகொள்ள யாரும் இல்லை' என்று எனக்கு எழுதுகிறாய். பகிர வேண்டியதைப் பகிர்ந்தாயா?

'இது என் உடம்பு' என்று ஒரு வார்த்தை இப்போதெல்லாம் சுலபமாக வருகிறது. சரி, உன்னுடையதுதான். காய்ச்சல் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கப்போவது யார்? ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு அந்த உடம்பில் பங்கு இருக்கிறது. என்னைப் பழைய பஞ்சாங்கம் என்றாலும் பரவாயில்லை, இதை மாற்றிச் சொல்லமாட்டேன். நீ எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. உனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

அந்தத் தட்டு விஷயத்தில் அம்மா சொல்வது பாதி நியாயம். அதைக் கழுவிவிட்டுப் போ. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

எனக்குத் தூக்கம் வராமல் செய்தது நீ சந்தோஷம் என்று எழுதிய வரிதான். 'இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம்.' அந்த வீட்டுக்காரர்களிடம் குட்டிக்குக் கடிக்கும் பழக்கம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் முழுக்கைச் சட்டைக்குள் இருந்தாள். ரேபிஸால் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பிள்ளைகள் நாயின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோவார்கள். கடிபட்டால் திட்டு விழும் என்று மறைப்பார்கள். மறைப்பது எப்படி என்று உனக்குத் தெரியாதா என்ன!

ரேபிஸை விடு. வெறும் விளையாட்டுக் கடி என்றே வைத்துக்கொள். அந்த வயதுக் குட்டி எல்லாவற்றையும் வாயால்தான் தெரிந்துகொள்ளும். கூடப் பிறந்த குட்டியைக் கொஞ்சம் அழுத்திக் கடித்தால் அது வீல் என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்று அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. நீ சொல்லியிருந்தால் பொறுப்பாளர் குறித்துவைத்திருப்பார். இன்னும் பத்து நாள் சக குட்டிகளோடு விட்டுவைத்திருப்பார். தத்தெடுக்க வந்தவர்களிடம், 'கை விரலைக் காட்டி விளையாடாதீர்கள், கடிக்க ஒரு பொம்மை கொடுங்கள், குழந்தைகளோடு தனியாக விடாதீர்கள்' என்று சொல்லி அனுப்பியிருப்பார். இப்போது என்ன நடக்கும்? சின்னப் பிள்ளையின் கையில் பல் படும், அந்த வீட்டார் அலறிக்கொண்டு குட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். 'கடிக்கிற நாய்' என்ற பெயரோடு திரும்பி வரும் நாயை இரண்டாவது முறை யார் எடுப்பார்கள்? சுண்டுவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவன் தலையில்தான் கையை வைத்திருக்கிறாய்.

உன் காப்பகத்தையும் சும்மா விடுவதற்கில்லை. எட்டு மாதமாக ஒரு பெண் கூண்டுக்குள் போய்வருகிறாள். ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டாயா, டெட்டனஸ் போட்டாயா என்று ஒருவர்கூடக் கேட்டதாக உன் கடிதத்தில் இல்லை. முன்தடுப்பூசி, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசிதான். அதைப் போட்டுக்கொண்டவருக்கு அப்புறம் கடிபட்டாலும் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. ஆள் கிடைத்தால் போதும் என்று துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. 'சேவை' என்ற வார்த்தையைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் கணக்குக் கேட்கக் கூடாது என்று ஒரு நினைப்பு. சம்பளம் வாங்கும் ஊழியர் கடியை மறைத்தால் வேலை போகும். சம்பளம் வாங்காதவர் மறைத்தால் அது பாசம் ஆகிவிடுமா?

இந்தப் பதிலைப் படிக்கும் உன் முகம் எனக்குத் தெரிகிறது. போகாதே என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்கிறாய். இல்லை, போ. ஈரக் கூண்டில் முழங்காலிட்டுத் தேய்க்க ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் விடாமல் போவது சாதாரணம் இல்லை, பாதிப் பேர் நாலு போட்டோ எடுத்ததோடு நின்றுவிடுவார்கள். ஆனால் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்.

முதலில் மருத்துவர். கடித்த தேதி, குட்டியின் வயது, எப்படிக் கழுவினாய் என்பதை மழுப்பாமல் சொல். என்ன ஊசி, எத்தனை என்பதை அவர் முடிவு செய்யட்டும், நானும் நீயும் இல்லை. அங்கிருந்து வெளியே வந்ததும் காப்பகப் பொறுப்பாளருக்குப் போன் போடு. ஞாயிறு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளாதே. அந்தக் குடும்பத்தை உடனே அழைத்துச் சுண்டு எப்படி இருக்கிறான், பிள்ளைகளில் யாரையாவது கடித்தானா, ஊசி போட்டாயிற்றா என்று கேட்கச் சொல். அவன் துள்ளிக்கொண்டிருக்கிறான் என்றால் அதைவிட நல்ல செய்தி இல்லை. அதையும் மருத்துவரிடம் போய்ச் சொல். ஆனால் அந்த போன் வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதே.

அம்மாவிடம் நீயே சொல்ல வேண்டும். கத்துவார். கத்தட்டும். நடுவில் புகுந்து 'சேவை' என்று ஆரம்பிக்காதே, 'இதனாலதான் சொல்லல' என்றும் சொல்லாதே, அது அவர் மேலேயே பழியைத் திருப்புகிற பேச்சு. மருத்துவர் கொடுத்த சீட்டை அவர் கையில் கொடு. அடுத்த ஊசித் தேதியை உன்னைவிட அவர் நன்றாக ஞாபகம் வைத்திருப்பார்.

ஊசி முடியும்வரை கூண்டுப் பக்கம் போகாதே. அலுவலக அறையில் வேலை இருக்கிறதா என்று கேள். தத்துப் படிவங்களை அடுக்கும் வேலை எந்தக் காப்பகத்திலும் தேங்கித்தான் கிடக்கும். அந்தப் படிவத்தில் 'இதற்கு முன் கடித்ததுண்டா' என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது. இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, முதல் படிவத்தைச் சுண்டுவுக்கு நீயே நிரப்பு.