பழைய ரெஸ்லிங் கார்டுகள்: எதை வாங்குவது?

கேள்வி: எண்பதுகளின் ரெஸ்லிங் கார்டுகளைச் சேர்க்க ஆசை. கையில் பெரிய தொகை இல்லை. ஆன்லைனில் பழக்கமான ஒரு விற்பனையாளர் மூன்று சொல்கிறார்: கிரேடிங் (ஒரு நிறுவனம் கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவது) செய்யாத 1982 ஹல்க் ஹோகன் கார்டு (“அனுப்பினால் 9 நிச்சயம்”), டாப்ஸ் நிறுவனத்தின் பிரிக்காத 1985 பாக்கெட்டுகள், கிளாசிக் நிறுவனத்தின் 1990 முழு செட். எதை எடுக்கலாம்?

பதில்: மூன்றையுமே விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த ஹோகன் கார்டு ‘ரெஸ்லிங் ஆல் ஸ்டார்ஸ்’ ஏ வரிசையில் 2-ம் எண். மொத்தம் 36 கார்டுகள். முதல் எண் ஆந்த்ரே த ஜயன்ட், 27 ரிக் ஃபிளேர். இவை சூயிங்கத்தோடு கடையில் விற்றவை அல்ல, தபாலில் வரவழைத்தவை. அதனால் குறைவாகவே இருக்கின்றன, விலையும் அதிகம். போதாக்குறைக்கு 2025 ஜூலையில் ஹோகன் இறந்துவிட்டார். ஒரு வீரர் இறந்ததும் “இப்போதே வாங்குங்கள்” என்று ஒரு கூட்டம் கிளம்பும். அந்த அவசரம் விற்பவருடையது, உங்களுடையது அல்ல.

9 நிச்சயம் என்றால் அவரே அனுப்பி, 9-க்குரிய விலைக்கு விற்றிருக்கலாமே? பல நேரம் நடப்பது இதுதான்: கார்டு ஏற்கனவே கிரேடிங் போயிருக்கும், “ஓரம் வெட்டப்பட்டது” என்று திரும்பியிருக்கும், பெட்டியை உடைத்து எடுத்து, கன்னிக் கார்டு போல உங்கள் முன் வைப்பார்கள். மழுங்கிய ஓரத்தை மயிரிழை அளவு சீவினால் புதிது போலாகிவிடும். அதே செட்டின் மலிவான கார்டு ஒன்றோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், அளவு காட்டிக்கொடுக்கும். மறுஅச்சா என்று பார்க்க ஒரு நல்ல பூதக்கண்ணாடி போதும். அசலில் எழுத்துகள் முழுக் கறுப்பாக இருக்கும். படத்தைப் படம்பிடித்து அச்சிட்ட போலியில் எழுத்துக்குள்ளும் புள்ளிகள் தெரியும்.

ஓரம் கூர்மையாக இருந்தால் நல்ல கார்டு என்ற விதி ஒரே ஒரு இடத்தில் தலைகீழ். கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனமும் 1985-ல் டாப்ஸ் கார்டுகளில் வந்த அதே வீரர்களுக்குக் கார்டு போட்டது. அந்தக் காலத்து ஓ-பீ-சீ கார்டுகளின் ஓரம் பிசிறு பிசிறாக, கையால் கிழித்தது போல இருக்கும். அது சேதம் இல்லை, தயாரிப்பே அப்படி. புதிதாக வருபவர் இதைப் பார்த்துவிட்டுக் ‘கெட்டுப்போன கார்டு’ என்று ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் பிளேடு போல வழவழவென்றிருப்பதை எடுப்பார். சந்தேகப்பட வேண்டியது அந்த வழவழப்பைத்தான். திரும்பவும் சொல்கிறேன்: டாப்ஸில் பிசிறு குறை, ஓ-பீ-சீயில் பிசிறு நல்ல சகுனம்.

பிரிக்காத பாக்கெட்? மெழுகுத் தாள் உறைதானே, கொஞ்சம் சூடு காட்டினால் திறக்கும், திரும்ப ஒட்டும். நல்லதை எடுத்துவிட்டு மிச்சத்தை மூடி விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அதிலும் 1985 டாப்ஸில் 66 கார்டு என்றால் 66 வீரர்கள் என்று நினைக்காதீர்கள். பெரும்பகுதி சண்டைக் காட்சிகளும் வேடிக்கை வசனங்களும்தான். 1990 கிளாசிக் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலை மலையாக அச்சடித்த காலம் அது. மலிவாகக் கிடைப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, எதைத்தான் வாங்குவது? 1987 டாப்ஸ் செட்டில் ஆரம்பியுங்கள். 75 கார்டுகள், கூடவே ஸ்டிக்கர்கள். பிரெட் ஹார்ட், ராண்டி சாவேஜ் எல்லாம் உள்ளே. செட்டில் பாதி, பெரிய விலை போகாத சாதாரணக் கார்டுகள்தான், அவற்றைக் கிரேடிங் இல்லாமலே வாங்கலாம். எடுத்துக்கொள்ளும்படியான தொகையில் முழு செட்டையும் முடித்துவிடலாம். எந்த மூலை நல்ல மூலை, எந்தப் படம் நடுவில் இல்லை என்று கண் பழகுவதும் இதில்தான். அப்புறம் மனதுக்குப் பிடித்த ஒருவரின் முதல் கார்டு, அதுவும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடப்பட்டதாக. பெட்டியில் இருக்கும் சான்று எண்ணைக் கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் உண்மை, பெட்டி போலி என்ற வித்தையும் உண்டு. எனவே தளத்தில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள்.

கிரேடிங் நிறுவனங்களைக் கோயிலாக நினைத்துக் கும்பிடவும் வேண்டாம். ஒரே கார்டை இரண்டு தடவை அனுப்பினால் இரண்டு மதிப்பெண் வருவது இந்த வட்டாரத்தில் யாருக்கும் அதிசயம் இல்லை. அதைவிட எரிச்சல், கார்டின் மதிப்பு கூடினால் கட்டணமும் கூடும் என்ற ஏற்பாடு. பரீட்சைத் தாள் திருத்துபவர் மார்க்குக்கு ஏற்றபடி ஃபீஸ் வாங்கினால் ஒப்புக்கொள்வோமா? இங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டு வரிசையில் நிற்கிறோம், நானும்தான். ஆகவே 9-க்கும் 10-க்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்குப் பல மடங்கு கொடுக்காதீர்கள். 6, 7 வாங்கிய கார்டும் அலமாரியில் அழகாகத்தான் இருக்கும்.

உங்கள் விற்பனையாளரிடம் ஹோகனைக் கிரேடிங் செய்து கொண்டுவாருங்கள், செலவை நான் விலையில் சேர்த்துத் தருகிறேன் என்று எழுதிப் பாருங்கள். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.