வீடும் அயலும்: வாசகர் கேள்வி – பதில்

மாரி ஓய்ந்து வீட்டு வேலைகள் தொடங்கும் காலம் இது. புதிதாக வீடு வாங்கியவர்களும் பழைய வீட்டைத் திருத்துபவர்களும் எழுதிய கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பழைய நாற்சார் வீடொன்றை வாங்கியிருக்கிறோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்கள். நிலத்திலிருந்து முழங்கால் உயரம்வரை பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. பூச்சு முழுவதையும் கொத்திவிட்டுச் சீமெந்து பூசலாம், கூரை ஓடுகளை இறக்கிவிட்டுச் சீற் போடலாம் என்கிறார் மேசன். அப்படியே செய்யலாமா?
– வாசகி, சங்கானை

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். பழைய வீடுகளின் அத்திவாரத்தில் இக்காலத்தைப் போல ஈரத்தடை இடப்படுவதில்லை; ஆகவே சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். உறிஞ்சிய ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு தன் வழியே காற்றில் ஆறவிடுவதால் அச்சுவர்கள் இத்தனை காலம் நின்றிருக்கின்றன. அதன்மேல் சீமெந்து பூசினால் வெளியேறும் வழி அடைபட்டு, ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறும். இன்று முழங்காலளவில் நிற்கும் உப்பு சில மாரிகளுக்குள் இடுப்பளவுக்கு வந்துவிடும். சீமெந்துப் பூச்சு பெயர்ந்து விழும்போது பழைய சாந்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நடுமுற்றத்து மழைநீர் வெளியேறும் வாய்க்கால் பெரும்பாலும் குப்பையும் வேரும் அடைத்துக் கிடக்கும். நீர் போக வழியின்றிச் சுவரடியில் இறங்கும். வெளிப்புறத்தில் ஆண்டாண்டாக மண் போட்டு நிலத்தை உயர்த்தியிருந்தால் அதை வெட்டி இறக்குங்கள். பீலியிலிருந்து வழியும் நீர் சுவரடியில் விழாதபடி செய்யுங்கள். பிறகு பழுதுபட்ட பூச்சை மட்டும், அதற்கு மேலே ஒரு சாண் சேர்த்து, கொத்தி எடுங்கள். சுவரில் படிந்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். நீரூற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள் போய்விடும். சுவரைச் சில மாதங்கள் வெறுமனே காயவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற அளவில் பூசுங்கள். கடற்கரை மணல் கூடாது. பிளாஸ்டிக் வர்ணமும் கூடாது, சுண்ணாம்பே அடியுங்கள்.

ஓட்டைப் பொறுத்தவரை, சித்திரை வெயிலில் சீற்றின் கீழ் ஒரு நண்பகல் இருந்து பார்த்தவர்கள் ஓட்டை இறக்க மாட்டார்கள். கூரையில் உண்மையாகச் சோதிக்க வேண்டியது மரத்தையே. ஏணி வைத்து ஏறி, கூரையைத் தாங்கும் பனை வளைகள் சுவரில் வந்து அமரும் முனைகளில் ஒரு நீளமான ஆணியை அழுத்திப் பாருங்கள். கறுத்து வைரம் பாய்ந்த பகுதியில் ஆணி இறங்காது. இலகுவாக உள்ளே போனால், அல்லது கறையான் மண் கண்ணில் பட்டால், அந்த வளையை மாற்றத்தான் வேண்டும். நடுப்பகுதி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் முனைதான் முதலில் உக்கும். வளைகளை மாற்றியபின் பழைய ஓடுகளைக் கழுவித் திரும்பவும் போடலாம். உடைந்தவற்றுக்கு ஈடாக, இடிக்கப்படும் வீடுகளிலிருந்து அதே அளவு ஓடு தேடிப்பாருங்கள். கூரை வேலையை ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு பரப்புக் காணியில் உள்ள சிறிய வீட்டை வாங்கி, அறையோடு சேர்ந்த மலசலகூடம் கட்டுகிறோம். குழி வெட்டத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு அம்மா வந்து, தங்கள் கிணறு கிட்ட இருக்கிறது என்று மறித்துவிட்டார். எங்கள் காணிக்குள் நாங்கள் வெட்டுவதை அவர் எப்படித் தடுக்கலாம் என்று கணவர் கோபப்படுகிறார். எங்களுக்கு ஒரு கைக்குழந்தையும் உண்டு.
– வாசகி, நல்லூர்

பதில்: அந்த அம்மா கேட்டது முற்றிலும் நியாயமானது, அவர் கேட்டது உங்கள் குழந்தைக்கும் நல்லது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறைக்குள், உவர்நீருக்கு மேலே மிதக்கும் நன்னீரையே நாம் எல்லோரும் அள்ளுகிறோம். அந்தப் பாறை வெடிப்பும் துளையுமாக இருப்பதால், மேலே வேலியும் மதிலும் இருந்தாலும் கீழே நீர் ஒன்றாகவே கிடக்கிறது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தது தெரியவந்தபோது இதை நாம் பட்டறிந்தோம். ஒருவர் வெட்டும் குழியின் கழிவு அடுத்தவர் கிணற்றுக்கும், சுற்றிக்கொண்டு அவரவர் கிணற்றுக்கும் வந்து சேரும்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி வேண்டும் என்பது இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அதை உங்கள் கிணற்றிலிருந்து மட்டுமல்ல, நாற்புறமும் உள்ள அயலவர் கிணறுகளிலிருந்தும் அளக்க வேண்டும். இரண்டு பரப்பில் இந்த அளவு கிடைப்பது கடினம். கிடைத்தாலும், வெடிப்புள்ள பாறையில் தூரத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆகவே அடி திறந்த குழியை விட்டுவிட்டு, அடியும் பக்கமும் கொங்கிறீற் இட்ட மூடிய தொட்டியைக் கட்டுங்கள். தொட்டியிலிருந்து வழியும் நீரை ஆழக் குழியில் இறக்காமல், கிணறுகள் எல்லாவற்றிலுமிருந்து எட்டிய மூலையில் மணலும் சல்லியும் நிரப்பிய ஆழமற்ற படுகையில் ஊறவிடுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் முற்றாக மூடிய தொட்டியே வழி. நிரம்பும்போது பவுசர் வைத்து உறிஞ்சி எடுப்பிக்கலாம். செலவு கூடும், ஆனால் குறைக்கக்கூடாத செலவு இது.

குடிபுகுமுன் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, தண்ணீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதிப்பியுங்கள். கிருமி இருக்கிறதா என்பதோடு நைத்திரேற்றின் அளவையும் கேளுங்கள். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தோட்டப் பசளையாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது கூடியிருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு இன்னும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாரிக்கலாம். அளவு கூடியிருந்தால் குழந்தைக்கு வேறு நீரைத் தேடிக்கொள்ளுங்கள்.

தொட்டி எங்கே வருகிறது என்பதை அடையாளமிட்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த அம்மாவை அழைத்துவந்து காட்டுங்கள். அவர் சரியென்று சொன்ன பிறகே மண்வெட்டி நிலத்தில் இறங்கட்டும்.

கேள்வி: பழைய கதியால் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டவிருக்கிறோம். வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. பின்வீட்டு முதியவர் அதன் வழியாகத்தான் எங்கள் காணிக்குள்ளால் ஒழுங்கைக்குப் போய்வருகிறார். அடைத்துவிடலாமா?
– வாசகர், கொண்டாவில்

பதில்: முதலில் காணி உறுதியை எடுத்து வரிவரியாக வாசியுங்கள். வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு என்பவை நம் பக்கத்து உறுதிகளில் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். வாங்கும் அவசரத்தில் அந்த வரியை யாரும் கவனிப்பதில்லை. உறுதியில் இல்லாவிட்டாலும், 10 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாகப் பயன்படுத்தப்பட்ட வழிக்கு நம் நாட்டுச் சட்டம் உரிமை தரக்கூடும். ஆகவே சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் அடைக்காதீர்கள். எல்லையையும் கண்மதிப்பில் தீர்மானிக்க வேண்டாம். கதியால்கள் முளைத்துப் பருத்து இரு பக்கமும் தள்ளியிருக்கும். நில அளவையாளரைக் கொண்டு இரு வீட்டாரும் நிற்கையில் கல் நாட்டுவியுங்கள். மதிலுக்கு உள்ளூராட்சிச் சபையின் அனுமதியும் வேண்டும். பிணக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு ஓடுமுன் மத்தியஸ்த சபை இருக்கிறது.

இவையெல்லாம் முடிந்து, உரிமை முழுக்க உங்களுடையதே என்று தெரிந்தாலும், அந்த இடத்தில் ஒரு சிறு படலை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வயதானவரைச் சுற்றுப் பாதையில் நடக்கவைத்து நீங்கள் அடையப்போவது எதுவும் இல்லை. நாளை உங்கள் வீட்டில் ஆபத்தென்றால் முதலில் ஓடிவருபவர் பின்வீட்டாராகத்தான் இருப்பார்.

கேள்வி: நீண்டகாலம் கனடாவில் இருந்துவிட்டுத் திரும்பி, தெரியாத ஊரில் வீடு வாங்கியிருக்கிறோம். குடிபூரலுக்கு அயலில் யார் யாரை அழைப்பது?
– வாசகர், மானிப்பாய்

பதில்: ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டாரையும் அழையுங்கள், ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குச் சொன்னால் அது நெடுங்காலம் நினைவில் இருக்கும். தொலைபேசியில் சொல்லாமல் கணவனும் மனைவியுமாக நேரே போய்ச் சொல்லுங்கள். நல்ல காரியத்துக்குச் சொன்னால்தான் வருவார்கள். செத்தவீட்டுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அயலில் ஒன்று நடந்தால், முகம் தெரியாவிட்டாலும் நீங்களாகப் போய்ச் சற்று நேரம் இருந்துவிட்டு வாருங்கள். மாலையில் சனசமூக நிலையத்துக்குப் போய்ப் பத்திரிகை வாசியுங்கள். ஊர்க்கோயில் திருவிழாவில் பெரிய உபயத்தை உடனே கேட்டு வாங்காதீர்கள். அவை பரம்பரையாகச் செய்பவர்களுடையவை. முதல் ஆண்டு அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டப் போனால் போதும்.