சின்னப் பாய்ப்படகில் அட்லாண்டிக்: கேள்வி பதில்

கனாரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியன் தீவான செயின்ட் லூசியா வரை சுமார் 2,700 கடல் மைல். 35 அடிப் படகு, இரண்டே பேர், 5 நாட் வேகம் (மணிக்கு 5 கடல் மைல்) என்றால் 22, 23 நாள். பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

கேள்வி: ராத்திரி இரண்டு பேரும் தூங்கினால் என்ன சார்? நடுக்கடலில் யார் வரப்போகிறார்கள்?

பதில்: சரக்குக் கப்பல் வரும். அது 18 நாட், நீங்கள் 5 நாட். நேருக்கு நேர் என்றால் இடைவெளி மணிக்கு 23 மைல் குறைகிறது. எட்டு மைலில் விளக்கைப் பார்த்தாலும் கையில் இருப்பது இருபது நிமிடம். அதனால்தான் கால் மணிக்கு ஒருதரம் சுற்றிலும் பார்ப்பது. மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்று காவல் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் கருவி) அலாரம் நல்லதுதான், ஆனால் அந்தக் கருவி இல்லாத படகை அது காட்டாது. தனியாக முழித்திருப்பவர் மற்றவரை எழுப்பாமல் முன்தளத்துக்குப் போகவே கூடாது.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு?

பதில்: ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், இருவருக்கு 23 நாளைக்கு 184. காற்று விழுந்துவிட்டால் என்று பாதி கூட்டி 275 ஆக வையுங்கள். 60 லிட்டராவது கேன்களில் தனியாக இருக்கட்டும். தொட்டி ஒன்றே என்றால், அது கெட்டால் எல்லாம் போச்சு.

கேள்வி: கடல் தண்ணீரில் சோறு வடிக்கலாமா?

பதில்: முழுக்கக் கடல் நீர் என்றால் வாயில் வைக்க முடியாது. குக்கரில் உலைநீரில் ஐந்தில் ஒரு பங்கு போதும், உப்பு தனியாக வேண்டாம். குக்கர்தான் சரியான பாத்திரம். படகு சாய்ந்தாலும் மூடி கழன்று கொதிநீர் காலில் கொட்டாது. சமைத்ததும் சிலிண்டரிலேயே வால்வை மூடுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும்.

கேள்வி: அடிக்கடி உடைவது எது?

பதில்: உடைவதைவிடத் தேய்வதுதான் அதிகம். பின்காற்றில் ஐந்து விநாடிக்கு ஒருதரம் படகு உருளும். ஒரு நாளில் பதினேழாயிரம் தடவை. அத்தனை தடவையும் தாமான் கயிறு (பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பது) பாயை வெளியே விரித்துப் பிடிக்கும் கழியின் முனையில் ஒரே இடத்தில் உரசுகிறது. மேலுறை பஞ்சாகிப் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம். தினம் காலையில் ஒரு சாண் விட்டோ இழுத்தோ உரசும் இடத்தை மாற்றுங்கள். பழைய ரப்பர் குழாயைக் கீறிச் சுற்றுங்கள். தளத்தில் ஒரு ஸ்பிளிட் பின் (இணைப்பு கழலாமல் பூட்டும் பிளவு ஊசி) கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். எங்கிருந்து விழுந்தது என்று தெரியும்வரை வேறு வேலை வேண்டாம்.

கேள்வி: குளியல்?

பதில்: வாளியில் கடல் நீர். சோப்பு நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். கடைசியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கட்டாயம்; தோலில் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து, உட்காரும் இடத்தில் கொப்புளம் வரும்.

கேள்வி: கோலா மீன் (பறக்கும் மீன்) தானாகப் படகில் வந்து விழுமாமே அண்ணா?

பதில்: விழும் தம்பி, பெரும்பாலும் ராத்திரியில். விடியுமுன் பொறுக்கிவிடுங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தால் வாணலிக்கு. வெயிலில் விறைத்துப்போனது கடலுக்கு.