அந்தமான் பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் கப்பல் நேரத்தைக் கேளுங்கள்

கேள்வி: கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. ஜனவரியில் அந்தமான் போகிறோம். விமான டிக்கெட் நாங்களே எடுத்துவிட்டோம். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து இரவுக்கு, இருவருக்கும் 56,000 ரூபாய் என்கிறார் டூர் ஏஜெண்ட். பதினான்கு இடம் காட்டுவதாகப் பட்டியலும் தந்திருக்கிறார். இது நியாயமான விலையா? (மதுரை வாசகி)

பதில்: அந்தப் பட்டியலை வைத்து விலையை எடைபோட முடியாது. செல்லுலார் சிறையைப் பார்ப்பது ஒன்று, அதே சிறையில் மாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சி இன்னொன்று என்று எண்ணினால் இடங்கள் தானாகக் கூடிவிடும். உங்கள் பணம் போய்ச் சேர்வது கப்பல் இருக்கை, அறை, வண்டி ஆகிய மூன்றில்தான். அந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கப்பல், எந்த வகுப்பு, எத்தனை மணிக்குப் புறப்படுவது? எந்த ஓட்டல், எந்த வகை அறை? கார் உங்கள் இருவருக்கு மட்டுமா, மற்றவர்களோடு சேர்த்தா? ஹேவ்லாக் தீவில் உள்ள எலிஃபன்ட் பீச்சுக்குப் படகுக் கட்டணம் இதில் அடக்கமா? ‘அல்லது அதற்கு இணையான ஓட்டல்’ என்ற வரி இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் அறை மாறுவது பெரும்பாலும் அந்த வரியின் பலத்தில்தான்.

இவற்றில் கப்பல் நேரம்தான் முதன்மை. அந்தமானிலும் நம் கடிகாரம்தான். ஆனால் அங்கே சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முந்தி உதித்து, முந்தி மறைகிறது. ஜனவரித் தொடக்கத்தில் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் கடலில் இறங்கிவிடும். விமானம் இறங்கும் போர்ட் பிளேரிலிருந்து பிற்பகல் 2 மணிக் கப்பலில் உங்களை ஏற்றினால் ஹேவ்லாக் தீவுக்குப் போய்ச் சேர மூன்றரையைத் தாண்டும். பெட்டியை எடுத்து, அறைக்குப் போய், அங்கிருந்து தீவின் மேற்குக் கரையில் இருக்கும் ராதாநகர் கடற்கரைக்குப் போவதற்குள் இருட்டிவிடும். ‘ராதாநகர் சூரிய அஸ்தமனம்’ என்று பட்டியலில் இருக்கும், உங்களுக்குக் கிடைக்காது. காலையின் முதல் கப்பல்களில் ஒன்றில் இடம் கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் பணம் கேட்டாலும் கொடுக்கலாம். அரை நாள் மிச்சமாகிறது.

இரவுகளை இப்படிப் பிரிக்கச் சொல்லுங்கள்: போர்ட் பிளேரில் ஒன்று, ஹேவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் ஒன்று, கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். கடைசி இரவை ஹேவ்லாக்கில் வைத்து, மறுநாள் காலைக் கப்பலில் வந்து மதியம் விமானம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்று பலமானால் கப்பல் நிற்கும். விமானம் உங்களுக்காக நிற்காது. 2016 டிசம்பரில் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல், அதற்குச் சில நாள் முன்பு அந்தமான் பக்கம் இருந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்கிக்கொண்டார்கள். கடற்படை உள்ளிட்ட படைகள் போய்த்தான் மீட்டன.

பட்டியலில் பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகை இருந்தால், ஐந்து இரவுப் பயணத்தில் அதை எடுத்துவிடுவதே நல்லது. விடியுமுன்பே எழுந்து, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு வழியே காவல் வண்டிகளோடு வரிசையாகப் போய்த் திரும்ப முழு நாள் ஆகும். அந்தச் சாலையில் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். ‘ஜாரவாக்களைப் பார்க்கலாம்’ என்று ஆசை காட்டும் ஏஜெண்டிடம் எந்தப் பேக்கேஜும் வாங்க வேண்டாம்.

நீல் தீவில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, கடல் மட்டத்தை. இயற்கைப் பாலம் என்று சொல்லும் பாறை வளைவுக்கு நீர் வற்றியிருக்கும்போதுதான் நடந்து போக முடியும். அங்குள்ள பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடிப் படகுக்கு நீர் ஏறியிருக்க வேண்டும். நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இரண்டையும் அடுத்தடுத்து முடித்துவிடலாம் என்று ஓட்டுநர் கிளப்பினால் ஒன்று வீணாகும். அன்றைய நீர் நேரத்தை முதல் நாள் இரவே ஓட்டலில் கேட்டு வைத்துக்கொண்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஊர்ப் பெயர்கள் மாறியிருப்பதையும் கவனியுங்கள். 2018 முதல் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். 2024 முதல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் அதேதான்.

கேள்வி: ஹேவ்லாக்கில் ‘கடலைப் பார்த்த அறை’ என்று கூடுதலாகக் கேட்கிறார்கள். காலை எழுந்ததும் கடலில் குளிக்கலாம் என்று நினைத்துப் பணம் கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: பார்ப்பதற்கென்றால் கொடுங்கள், குளிப்பதற்கென்றால் யோசியுங்கள். ஹேவ்லாக்கின் பெரும்பாலான விடுதிகள் கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜய நகர் பக்கம் இருக்கின்றன. அங்கே நீர் வற்றினால் கடல் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் உடைந்த பவளமும் வெளியே தெரியும். வெறுங்காலோடு இறங்கினால் பாதம் கிழியும். ஏற்றமான நேரத்திலும் ஆழம் இடுப்பளவுதான் இருக்கும். விளம்பரப் படம் நீர் ஏறியிருந்தபோது எடுத்தது என்பதை நினைவில் வையுங்கள். சூரியன் உதிப்பதைப் பார்க்க மட்டும் அந்தக் கரைக்கு நிகரில்லை.

குளிக்க ராதாநகர்தான், பாதத்தில் மாவுபோல ஒட்டும் மணல், கல்லே இருக்காது. ஆனால் அலை பலம். உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியை விட்டு விலக வேண்டாம். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உள்ளன. 2010-இல் ராதாநகர் அருகே ஒரு பயணி முதலையால் உயிரிழந்திருக்கிறார். ஓடையின் வாய், சதுப்புக்காட்டு ஓரம், எச்சரிக்கைப் பலகை உள்ள இடம் எதிலும் இறங்கக் கூடாது. புகைப்படத்துக்குக்கூட.

கேள்வி: நீச்சல் தெரியாது. ‘பரவாயில்லை, ஸ்கூபா செய்யலாம், வீடியோ இலவசம்’ என்கிறார்கள். நம்பலாமா? என்ன கேட்க வேண்டும்?

பதில்: ஸ்கூபா என்பது காற்று உருளையைச் சுமந்து கடலுக்கடியில் இறங்குவது. நீச்சல் தெரியாமலும் முதல்முறை அதைச் செய்யலாம், அது பொய்யில்லை. பயிற்சியாளர் உங்களைப் பிடித்தபடியே இருப்பார். ஆகவே முதல் கேள்வி: எங்கள் இருவருக்கும் தனித்தனிப் பயிற்சியாளரா? ஒருவர்தான் என்றால் வேறு இடம் பாருங்கள். அடுத்தது, கரையிலிருந்து இறங்குவதா, படகில் போய் இறங்குவதா? விலை வித்தியாசம் பெரும்பாலும் இதனால்தான். மூன்றாவது, காது ஒத்துக்கொள்ளாமல் பாதியில் மேலே வந்தால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? இதைப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டும்.

காதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இறங்க இறங்க நீரின் அழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, ஒவ்வொரு மீட்டருக்கும் சமன் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு ஊதினால் பலிக்காது, வருமுன்பே ஊத வேண்டும். சளி பிடித்திருந்தால் காற்று போகும் வழி அடைத்திருக்கும். அன்றைக்கு இறங்கவே கூடாது. மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றை மறைக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் இறங்கக் கூடாது.

அடர்ந்த மீசை இருந்தால், ஸ்கூபாவில் முகத்தில் அணியும் முகக் கண்ணாடியின் விளிம்பு தோலில் படியாமல், மூக்குக்குக் கீழே துளித் துளியாக நீர் கசியும். பழக்கமில்லாதவருக்கு அந்தக் கொஞ்சம் நீரே பயத்தைக் கிளப்பும். மூக்கை ஒட்டிய ஒரு வரி முடியை மட்டும் முதல் நாளே மழித்துவிட்டால் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், பவர் உள்ள முகக் கண்ணாடி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஸ்கூபாவுக்கும் விமானத்துக்கும் இடைவெளி வேண்டும்: ஒருமுறை இறங்கியவருக்குக் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் இறங்கியவருக்கு 18 மணி நேரம். பிற்பகல் 3 மணிக்கு இரண்டாவது முறை மேலே வந்து, மறுநாள் காலை ஏழரைக்கு விமானம் ஏறினால் பதினாறரை மணிதான் ஆகிறது, போதாது. கடலில் இறங்குவதை ஹேவ்லாக்கின் முதல் முழு நாளிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ இலவசமோ இல்லையோ, கரையேறியதும் அங்கேயே உங்கள் போனில் ஏற்றிக்கொண்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: புயல் எச்சரிக்கையால் நீல் தீவுக்குக் கப்பல் ரத்தானது. ஓட்டலும் கப்பலும் பயன்படவில்லை. ‘இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஏஜெண்ட் கை விரிக்கிறார். என்ன செய்யலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: புயலுக்கு அவர் பொறுப்பல்ல, சரி. ஆனால் தராத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள அந்த வரி அவருக்கு உரிமை தராது. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. கப்பல் ரத்தானதால் கப்பல் நிறுவனம் ஏஜெண்டுக்குக் கட்டணத்தைத் திருப்பியிருந்தால், அது உங்கள் பணம். ஓட்டல் அறையில் விவாதம் வரும். அறை தயாராக இருந்ததே என்பார்கள். அதில் பாதியோ, வேறு தேதியோ பேசித்தான் வாங்க வேண்டியிருக்கும். நீலுக்குப் போக முடியாமல் ஹேவ்லாக்கில் கூடுதலாகத் தங்கியிருந்தால், அந்தச் செலவைக் கேட்க, ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும்.

கப்பல் ரத்தான குறுஞ்செய்தி, பேக்கேஜ் பட்டியல், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றைச் சேர்த்து, கப்பலுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதினைந்து நாள் கெடு வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜெண்ட் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கேள்வி: கடற்கரையில் பொறுக்கிய சங்கு, பவளத்துண்டுகளை ஊருக்குக் கொண்டுவரலாமா?

பதில்: கூடாது. பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. செத்து ஒதுங்கிய துண்டுக்கும் அதே சட்டம்தான். விமான நிலைய ஸ்கேனரில் பவளத்தின் உருவம் நன்றாகவே தெரியும். சிப்பிப் பொருள் வேண்டுமானால் அரசின் சாகரிகா கடையில் வாங்கி, பில்லை கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போட்டுவிட்டால் கேட்கும்போது காட்ட முடியாது.