அபுதாபி 2010: ஒரு டயர் மாற்றம் பறித்த பட்டம் – கேள்வி பதில்

2010 நவம்பர் 14 அன்று அபுதாபியின் யாஸ் மெரினா தடத்தில் நடந்த இறுதிப் பந்தயத்துக்கு, அந்த ஆண்டின் ஃபார்முலா 1 உலகப் பட்டத்தை வெல்லும் வாய்ப்போடு நான்கு பேர் வந்தனர். ஃபெராரியின் பெர்னாண்டோ அலோன்சோவிடம் 246 புள்ளிகளும், ரெட் புல்லின் மார்க் வெப்பரிடம் 238 புள்ளிகளும், அதே அணியின் செபாஸ்டியன் வெட்டலிடம் 231 புள்ளிகளும், மெக்லாரனின் லூயிஸ் ஹாமில்டனிடம் 222 புள்ளிகளும் இருந்தன. அதுவரை அந்த ஆண்டில் ஒருமுறைகூடப் பட்டியலின் உச்சியில் இராத வெட்டல், 256 புள்ளிகளோடு பட்டத்தைக் கொண்டுபோனார். அந்தப் பந்தயம் குறித்தும், டயரும் பிட் நிறுத்தமும் (பந்தயத்தின் நடுவே டயர் மாற்றத் தடத்தோரம் நிற்பது) பட்டத்தைத் தீர்மானித்த வேறு சில பந்தயங்கள் குறித்தும் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: அலோன்சோ தோற்றது ஒரே ஒரு பிட் நிறுத்தத்தால்தான் என்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது?

முதல் சுற்றிலேயே மைக்கேல் ஷூமாக்கரின் கார் சுழன்று நிற்க, லியுட்ஸியின் கார் அதன்மீது மோதியதால் பாதுகாப்புக் கார் தடத்துக்குள் வந்தது. எல்லோரும் மெதுவாகச் சென்ற அந்த நேரத்தைப் பயன்படுத்தி நிகோ ராஸ்பர்க்கும் ரெனோவின் விட்டாலி பெட்ரோவும் பிட்டுக்குள் வந்து கடின வகை டயருக்கு மாறிக்கொண்டனர். உலர்ந்த தடத்தில் மென்மை, கடினம் என்ற இரண்டு வகை டயர்களையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற விதியை அவர்கள் முதல் சுற்றிலேயே நிறைவேற்றிவிட்டதால், அதன்பின் அவர்கள் நிற்க வேண்டிய தேவையே இல்லை. மற்றவர்கள் எப்போது நின்றாலும் அந்த இருவரும் தங்களைக் கடந்து போய்விடாதபடி நிற்க வேண்டும் என்பதுதான் அன்றைய பந்தயத்தின் உண்மையான கணக்கு.

வெப்பர் சுவரை உரசி, டயரின் பிடிமானம் குறைந்து, 11ஆம் சுற்றில் உள்ளே வந்தார். அவர் புதிய டயரில் வேகமெடுத்து அலோன்சோவை முந்திவிடுவாரோ என்று ஃபெராரி அஞ்சியது. முதலில் ஃபெலிப்பே மாஸாவை 13ஆம் சுற்றில் அழைத்துப் பார்த்தது. அவர் வெப்பருக்குப் பின்னால்தான் வெளியே வந்தார். பிறகு 15ஆம் சுற்றில், நான்காம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த அலோன்சோவையே அழைத்தது. அவர் வெப்பருக்கு முன்னால் வெளியே வந்தார் என்பதால் திட்டம் பலித்துவிட்டதுபோல் தோன்றியது. ஆனால் அவருக்கு நேர் எதிரே பெட்ரோவின் கார் இருந்தது. எஞ்சிய 40 சுற்றுகளும் அவர் அந்தக் காரின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டி ஏழாவதாக முடித்தார். வெப்பர் எட்டாவதாக வந்தார்.

கேள்வி: வெப்பர்தான் புள்ளிப் பட்டியலில் இரண்டாவது. அவரைத் தடுக்க நினைத்ததில் என்ன தவறு?

புள்ளிகளை எழுதிக் கூட்டிப் பார்த்தால் தவறு தெரியும். முதல் ஐந்து இடங்களுக்கு முறையே 25, 18, 15, 12, 10 புள்ளிகள். முன்னணியில் ஓடிய வெட்டல் அப்படியே வென்றால் 256 புள்ளிகளை எட்டுவார். அவரை வெல்ல அலோன்சோவுக்கு நான்காம் இடம் தேவை, அதாவது 258 புள்ளிகள். இப்போது, வெப்பர் அலோன்சோவை முந்தி நான்காம் இடத்தைப் பிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு மொத்தம் 250 புள்ளிகள்தான் கிடைக்கும். ஐந்தாவதாக வரும் அலோன்சோவுக்கோ 256. ஆக, வெப்பர் முந்தினாலும் வெப்பரால் அலோன்சோவின் பட்டம் பறிபோகாது. வெப்பர் ஆபத்தானவராக மாற வேண்டுமெனில் அவர் அநேகமாகப் பந்தயத்தையே வெல்ல வேண்டும், ஐந்தாம் இடத்திலிருந்து தொடங்கி முன்கூட்டியே நின்றுவிட்டவருக்கு அது எளிதன்று. வெப்பரால் நேரக்கூடிய உண்மையான கேடு, நான்காம் இடத்தை அவர் எடுத்துக்கொள்வது மட்டுமே. அந்த இடத்தையோ ராஸ்பர்க்கும் பெட்ரோவும் ஏற்கெனவே மறைமுகமாகப் பிடித்து வைத்திருந்தனர்.

எனவே ஃபெராரி கவனித்திருக்க வேண்டியவர்கள் மூவர்: முன்னே வெட்டல், பின்னே பட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ராஸ்பர்க், பெட்ரோவ். அவர்கள் கவனித்ததோ வெப்பரை.

கேள்வி: நிற்காமல் ஓடியிருந்தால் மட்டும் அலோன்சோ தப்பியிருப்பாரா? இது நடந்த பிறகு சொல்லும் ஞானம் அல்லவா?

நியாயமான ஐயம். ஆனால் விடை அதே பந்தயத்துக்குள்ளேயே இருக்கிறது. அலோன்சோவுக்கு நேர் முன்னால் அதே வகை டயரில் ஓடிய ஜென்சன் பட்டன் 39ஆம் சுற்று வரை நிற்கவில்லை. நின்று வெளியே வந்தபோதும் ராஸ்பர்க்குக்கு முன்னால் இருந்து மூன்றாவதாக முடித்தார். மென்மையான டயரின் மேற்பரப்பு தொடக்கத்தில் சுருண்டு துணுக்குகளாகத் திரண்டு பிடிமானத்தைக் குறைத்தது; பொறுமையாக ஓட்டியவர்களுக்கு அது சில சுற்றுகளில் தேய்ந்து சீராகி, வேகம் மீண்டது. ஹாமில்டன் 23ஆம் சுற்றிலும் வெட்டல் 24ஆம் சுற்றிலும் நின்றனர். இருவரும் அதன் பயனைப் பெற்றனர். 15ஆம் சுற்றில் அலோன்சோ மேலும் சில சுற்றுகள் காத்திருந்தால் நான்காம் இடம் உறுதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாய்ப்பு உயிரோடு இருந்தது என்பதைப் பட்டன் ஓட்டிக் காட்டினார்.

கேள்வி: ஃபெராரி வேகமான கார், பெட்ரோவ் புதியவர். 40 சுற்றுகளில் ஒருமுறைகூட முந்த முடியவில்லை என்பதை நம்ப முடியவில்லையே?

தனியாக ஓடும்போது ஃபெராரி வேகமானதுதான். ஆனால் முன்னே செல்லும் கார் காற்றைக் கலைத்துவிடுவதால், பின்தொடரும் காரின் இறக்கைகள் அதைத் தரையோடு அழுத்தும் ஆற்றலை இழக்கின்றன. வளைவில் கார் வழுக்குகிறது. வழுக்கினால் டயர் சூடேறி மேலும் தேய்கிறது. நேர்ப்பாதையிலாவது முந்தலாம் என்றால், ரெனோவின் நேர்ப்பாதை வேகம் அன்று மிக உயர்ந்ததாக இருந்தது. பின் இறக்கையைத் திறந்து முந்த உதவும் டிஆர்எஸ் ஏற்பாடு அடுத்த ஆண்டுதான் அறிமுகமாயிற்று. பெட்ரோவும் அன்று பிசகின்றி ஓட்டினார். பந்தயம் முடிந்ததும் அலோன்சோ அவரை நோக்கிக் கையை ஆட்டிச் சினந்தது நினைவிருக்கலாம். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தன் இடத்தைக் காப்பது பெட்ரோவின் வேலை.

கேள்வி: அண்டர்கட், ஓவர்கட் என்பவற்றை எளிதாக விளக்குவீர்களா?

எதிராளிக்கு முன்பே நின்று, புதிய டயரின் வேகத்தால் ஓரிரு சுற்றுகளில் நேரத்தை ஈட்டி, அவர் நின்று வெளியே வரும்போது அவருக்கு முன்னால் இருப்பது அண்டர்கட். எதிராளியை முதலில் நிற்கவிட்டு, தடம் காலியாக இருக்கும்போது பழைய டயரிலேயே வேகமாக ஓடி, பிறகு நின்று அவருக்கு முன்னால் வெளியே வருவது ஓவர்கட். தேய்மானம் மிகுந்த தடத்தில் முதலாவது பலிக்கும். புதிய டயர் சூடேறத் தாமதமாகும் தடத்தில் இரண்டாவது பலிக்கும். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை, வெளியே வரும் இடத்தில் மெதுவான கார் எதுவும் இருக்கக் கூடாது என்பதே. ஃபெராரி வகுத்தது அண்டர்கட்டைத் தடுக்கும் திட்டம். அந்த நிபந்தனையைத்தான் அது மறந்தது.

கேள்வி: டயரை மாற்ற இரண்டு வினாடிதானே ஆகிறது? அதற்கு ஏன் இவ்வளவு கணக்கு?

நிற்கும் நேரம்தான் இரண்டு, இரண்டரை வினாடி. 2023இல் கத்தாரில் மெக்லாரன் அணி லாண்டோ நாரிஸின் காருக்கு 1.80 வினாடியில் நான்கு டயர்களையும் மாற்றியது. ஆனால் பிட் பாதையில் வேக வரம்பு உண்டு. இன்று பெரும்பாலான தடங்களில் மணிக்கு 80 கிலோமீட்டர். மற்றவர்கள் முழு வேகத்தில் பறக்கும்போது அந்தப் பாதை முழுவதும் ஊர்ந்து செல்வதால், தடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 18 முதல் 25 வினாடி வரை இழப்பு ஏற்படுகிறது. பாதுகாப்புக் கார் வெளியே இருக்கும்போது மற்றவர்களும் மெதுவாகச் செல்வதால் அந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது.

கேள்வி: இதேபோல் டயரால் பட்டம் கைமாறிய பழைய பந்தயம் ஏதேனும் உண்டா?

1986 அக்டோபர் 26இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். வில்லியம்ஸின் நைஜல் மான்செல் 70 புள்ளிகளோடு வந்தார். மெக்லாரனின் அலான் ப்ரோஸ்ட் 64, வில்லியம்ஸின் நெல்சன் பிக்கே 63. மான்செல் மூன்றாவதாக வந்தாலே பட்டம் உறுதி. ப்ரோஸ்டின் டயர் 32ஆம் சுற்றில் பழுதாகி, அவர் எதிர்பாராமல் நிற்க நேர்ந்தது. அவர் காரிலிருந்து கழற்றிய டயர்களைப் பார்த்த குட்இயர் நிறுவனத்தினர், மற்றவர்களின் டயர்கள் இறுதிவரை தாங்கும் என்று கருதினர். முன்னணியில் இருந்த கேகே ராஸ்பர்க் (நிகோவின் தந்தை), டயர் பிய்ந்ததால் 63ஆம் சுற்றில் விலகினார். அடுத்த சுற்றிலேயே, நேர்ப்பாதையில் முழு வேகத்தில் செல்கையில் மான்செலின் இடது பின்டயர் வெடித்தது. வேறு வழியின்றி வில்லியம்ஸ், முதலிடத்தில் இருந்த பிக்கேயை முன்னெச்சரிக்கையாக உள்ளே அழைத்தது. ப்ரோஸ்ட் முன்னேறி, சுமார் 4 வினாடி இடைவெளியில் வென்று, 72 புள்ளிகளோடு பட்டத்தைத் தக்கவைத்தார். பழுதடைந்த டயர் அவருக்கு வலுக்கட்டாயமாகப் புதிய டயர்களைத் தந்தது. பிக்கேயை அழைத்ததை நான் குறை கூறமாட்டேன். அங்கே பணயம் வைக்கப்பட்டது பட்டம் மட்டுமன்று, ஓட்டுநரின் உயிரும்தான்.

கேள்வி: 2007இல் ஹாமில்டன் சரளைக் கற்களில் சிக்கியது அணியின் தவறா, அவருடைய தவறா?

அணியின் பங்கே பெரிது. ஷாங்காயில் தடம் உலர்ந்துகொண்டிருந்தபோது, ஈரத்துக்கான இடைநிலை டயர்கள் உள் அடுக்கு தெரியும் அளவுக்குத் தேய்ந்தும் அவரை வெளியிலேயே வைத்திருந்தனர். 31ஆம் சுற்றில் உள்ளே வரும்போது பிட் நுழைவு வளைவில் கார் வழுக்கிச் சரளையில் புதைந்தது. அப்போது கிமி ராய்க்கோனனைவிட 17 புள்ளிகள் முன்னிலையில் பந்தயத்தைத் தொடங்கியவர், இறுதியில் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை அவரிடம் இழந்தார்.

கேள்வி: 2008இல் டிமோ க்ளாக் வேண்டுமென்றே வழிவிட்டாரா?

இல்லை. பிரேசிலின் இன்டர்லாகோஸில் கடைசிச் சுற்றுகளில் மழை வந்தபோது முன்னணியினர் பலரும் இடைநிலை டயருக்கு மாறினர். டொயோட்டா அணியின் க்ளாக் உலர்தடத்துக்கான டயரிலேயே நீடித்தார். மழை வலுத்ததும் அவருக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று. ஹாமில்டன் கடைசி வளைவுகளில் அவரைக் கடந்து ஐந்தாம் இடத்தைப் பெற்று, 98க்கு 97 என்ற கணக்கில் மாஸாவிடமிருந்து பட்டத்தை வென்றார். அவ்வளவுதான்.

கேள்வி: 2021 அபுதாபியில் ஹாமில்டனையும் உள்ளே அழைத்துப் புதிய டயர் கொடுத்திருந்தால் சிக்கலே இருந்திருக்காதே?

முதலிடத்தில் இருப்பவருக்கு உள்ள துன்பமே அதுதான்: அவர் எதைச் செய்தாலும் இரண்டாமவர் அதற்கு எதிரானதைச் செய்யலாம். 58 சுற்றுப் பந்தயத்தின் 53ஆம் சுற்றில் நிக்கோலஸ் லத்தீஃபியின் கார் மோதிப் பாதுகாப்புக் கார் வந்தபோது, ஹாமில்டன் உள்ளே வந்திருந்தால் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வெளியே நின்று முதலிடத்தை எடுத்துக்கொண்டிருப்பார். பாதுகாப்புக் காருக்குப் பின்னாலேயே பந்தயம் முடிந்திருந்தால் பட்டமும் அவருக்கே. எனவே மெர்சிடிஸின் முடிவு அந்த நொடியில் பிழையானதன்று. வெர்ஸ்டாப்பனோ பின்னால் போதிய இடைவெளி இருந்ததால் எதையும் இழக்காமல் மென்மையான டயரைப் பெற்றார். இடையில் இருந்த, ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து கார்களை மட்டும் கடந்து செல்ல அனுமதித்து, கடைசிச் சுற்றுக்குப் பந்தயம் மீண்டும் தொடங்கப்பட்டது. ஹாமில்டனின் கடின டயர்கள் 40 சுற்றுகளுக்கு மேல் ஓடியவை. வெர்ஸ்டாப்பன் அவரை முந்திப் பட்டத்தை வென்றதில் வியப்பொன்றுமில்லை. கார்களைக் கடக்கவிட்ட முறையில் மனிதப் பிழை நேர்ந்ததாக பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பின் அறிக்கையே 2022இல் ஒப்புக்கொண்டது.

கேள்வி: இன்று கணினிகள் ஆயிரக்கணக்கான சாத்தியங்களைக் கணக்கிடுகின்றன. இனி இத்தகைய தவறுகள் நேராதல்லவா?

2025இல் கத்தாரில் நேர்ந்தது. 57 சுற்றுப் பந்தயம். ஒரு டயர்த் தொகுப்பை 25 சுற்றுகளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று அந்தப் பந்தயத்துக்கு மட்டும் விதி. ஏழாம் சுற்றில் பாதுகாப்புக் கார் வந்தது. 57இலிருந்து 7ஐக் கழித்தால் 50. அதாவது மிகச் சரியாக இரண்டு 25கள். ஏறத்தாழ எல்லோரும் உள்ளே பாய்ந்தனர். முன்னணியில் இருந்த ஆஸ்கர் பியாஸ்திரியையும் நாரிஸையும் மட்டும் மெக்லாரன் வெளியிலேயே விட்டது. மற்றவர்கள் மலிவாக முடித்துக்கொண்ட நிறுத்தத்தை இவர்கள் பின்னர் முழு விலை கொடுத்துச் செய்ய நேர்ந்தது. வெர்ஸ்டாப்பன் வென்றார்; பியாஸ்திரி இரண்டாவதாகவும் நாரிஸ் நான்காவதாகவும் வந்தனர். பட்டப் போட்டியில் வெர்ஸ்டாப்பனைவிட நாரிஸுக்கு இருந்த முன்னிலை 12 புள்ளிகளாகச் சுருங்கியது; இறுதிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்து இரண்டே புள்ளிகளில் அவர் பட்டத்தைக் காத்துக்கொண்டார். கணினி எண்ணைத் தரும். சில வினாடிகளுக்குள், மற்ற அணிகள் என்ன செய்யும் என்று ஊகித்து முடிவெடுப்பது இன்னும் மனிதர்தான்.

கேள்வி: இந்த முடிவுகளில் ஓட்டுநருக்குப் பங்கே இல்லையா?

தடம் நனைந்து உலரும் வேளைகளில் உண்டு. டயரின் பிடிமானத்தை உணர்பவர் அவரே. 2010 மெல்பர்னில் பட்டன் எல்லோருக்கும் முன்னதாகத் தாமே முடிவெடுத்து உலர்தட டயருக்கு மாறி, அந்தப் பந்தயத்தை வென்றார். உலர்ந்த தடத்தில், வெளியே வந்தால் யாருக்குப் பின்னால் விழுவோம் என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. அலோன்சோவுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

கேள்வி: தொலைக்காட்சியில் பார்க்கும்போது, நிற்க ஏற்ற நேரம் இதுதானா என்று எப்படிக் கண்டுகொள்வது?

அந்தத் தடத்தில் ஒரு நிறுத்தத்துக்கு எத்தனை வினாடி இழப்பு என்பதை, முதலில் நிற்கும் காரை வைத்து அறிந்துகொள்ளுங்கள். பிறகு, நீங்கள் கவனிக்கும் ஓட்டுநருக்குப் பின்னால் அத்தனை வினாடி தொலைவில் யார் ஓடுகிறார் என்று நேர இடைவெளிப் பட்டியலில் பாருங்கள். அவர் நின்றால் அங்கேதான் வெளியே வருவார். அந்த இடம் காலியாக இருந்தால் அழைக்கலாம். அங்கே இனி நிற்கத் தேவையில்லாத, நேர்ப்பாதையில் வேகமான கார் ஒன்று இருந்தால், இன்னும் ஓரிரு சுற்றுகள் பொறுக்கலாம்.